செக்யூரிட்டி பிளஸ் தேர்வு: கேள்வி பதில்

புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் ஃபயர்வால்களை, அதாவது வலையமைப்பில் வந்துபோகும் தரவை விதிகளின்படி வடிகட்டும் அரண்களை, கவனிப்பது என் வேலை. காம்ப்டியா அமைப்பு நடத்தும் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வான செக்யூரிட்டி பிளஸுக்குப் படிக்கும் புதுவை, கடலூர் அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நெல்லித்தோப்பு, பி.சி.ஏ. மாணவி: அக்கா, எந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுப்பது?

2023 நவம்பரில் வந்த எஸ்ஒய்0-701 பதிப்பில் ஐந்து பகுதிகள். நான்காவதான பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு 28 சதவீதம். முதல் பகுதிக்கு 12 மட்டுமே. பலர் முதல் பகுதியையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நான்காவதற்கு வரும்போது நேரமின்றித் தவிக்கிறார்கள். உன் நேரத்தில் பெரும்பங்கு நான்காவதற்குப் போகட்டும். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 750 எடுத்தால் தேர்ச்சி.

மஞ்சக்குப்பம்: செய்முறைக் கேள்வி என்றாலே பயம். ஃபயர்வால் விதிகளை எப்படிப் படிப்பது?

தம்பி, ஒரு தாளில் இதை எழுதிக்கொள். முதல் வரி: 192.168.10.0/24 வலையமைப்பிலிருந்து (192.168.10 என்று தொடங்கும் எல்லாக் கணினிகளும்) எங்கும் டிசிபி 443 (பாதுகாப்பான இணையதளங்களுக்கான வாசல் எண்) அனுமதி. இரண்டாம் வரி: 192.168.10.25 கணினியிலிருந்து எல்லாமே தடை. இவற்றுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி உண்டு: மற்ற அனைத்தும் தடை.

25ஆம் எண் கணினியின் 443 பாக்கெட் (தரவுத் துண்டு) வெளியே போகுமா? "தடை என்று எழுதியிருக்கிறதே" என்பார்கள். போகும். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன. பொருந்திய முதல் வரியோடு தீர்ப்பு முடிந்துவிடும். அந்தப் பாக்கெட் இரண்டாம் வரியை எட்டுவதே இல்லை. ஆகவே தடை வரியை மேலே ஏற்று.

ஏற்றியாயிற்று. இப்போது 30ஆம் எண் கணினிக்காரர், "எந்தத் தளமும் திறக்கவில்லை" என்கிறார். 443 திறந்துதானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்டறிய டிஎன்எஸ் வேண்டும். வெளியே உள்ள டிஎன்எஸ் சர்வருக்குப் போகும் அந்தக் கேள்வி, அதாவது யுடிபி 53 பாக்கெட், அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரியில் மாட்டிக்கொண்டது. அதற்கும் ஓர் அனுமதி வரி எழுது.

இப்படி ஒவ்வொரு பாக்கெட்டையும் விரல் வைத்து வரி வரியாக நடத்திப் பழகு. பிறகு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற வலையமைப்புப் பயிற்சி மென்பொருளில் போட்டுப் பார், அது இலவசம். முதலில் ஊகம், அப்புறம் சோதனை. மாற்றிச் செய்தால் மனத்தில் நிற்காது.

வில்லியனூர்: டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்வி பதில்கள்) படித்து நண்பன் தேறிவிட்டான். நானும் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது தேர்வு விதிகளுக்கு எதிரானது. சான்றிதழையே ரத்து செய்ய முடியும். நேர்முகத்தில் மேலே சொன்ன இரண்டு வரிகளைக் காட்டிக் கேட்டாலே சாயம் வெளுத்துவிடும். நாளை ஒரு மருத்துவமனையின் வலையமைப்பை உன்னை நம்பி ஒப்படைப்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

நெய்வேலி, 44 வயது: மேடம், தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலக் கேள்விகளில் தடுமாறுகிறேன்.

சார், தமிழில் எழுத வழியில்லை. ஆனால் ஒரு வழக்கம் கைகொடுக்கும்: கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிய கணினியைப் பற்றிய கேள்வியில், பேக்கப்பிலிருந்து மீட்பது, நச்சு நிரலை நீக்குவது, நெட்வொர்க்கிலிருந்து துண்டிப்பது என எல்லா விடைகளுமே செய்ய வேண்டிய வேலைகளாக இருக்கலாம். "முதலில் எது" என்று கேட்டிருந்தால் துண்டிப்பதுதான். பரவாமல் தடுத்த பிறகே நீக்கம்; அதன் பிறகே மீட்பு. இந்த வரிசையைத் தாராளமாகத் தமிழிலேயே யோசியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: வீட்டிலிருந்தே எழுதலாமா அக்கா?

எழுதலாம். ஆனால் கேமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் இது எளிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் மின்சாரத்தை நம்பி உட்காராதே. பியர்சன் வியூ தேர்வு மையத்துக்கே போய்விடு.

லாஸ்பேட்டை: 720 எடுத்துத் தவறிவிட்டேன். உடனே மறுபடி எழுதலாமா?

இரண்டாம் முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதிலும் தவறினால்தான் 14 நாள் இடைவெளி. ஆனால் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டுமே, அவசரப்படாதே. நீ தவறிய தலைப்புகள் மதிப்பெண் அறிக்கையில் இருக்கும். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பு. எதை முதலில் எடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.