நானோ மாநாட்டைப் பெங்களூருக்கு அழைப்போம்: கேள்வி பதில்

சர்வதேச நானோ தொழில்நுட்ப மாநாடு ஒன்றை நம் நகரில் நடத்த முன்மொழியலாம் என்ற பேச்சு பெங்களூர்த் தமிழ் ஆய்வாளர்களிடையே எழுந்திருக்கிறது. மாநாட்டு ஏற்பாட்டுக் குழுக்களில் வேலை செய்த பழக்கம் எனக்கு உண்டு என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் முக்கியமானவை இவை.

மும்பையிலும் டெல்லியிலும் நம்முடையதைவிடப் பெரிய அரங்கங்கள் இருக்கின்றனவே ஐயா, மாநாட்டுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் குழு நம்மை ஏன் பார்க்க வேண்டும்? (உதவிப் பேராசிரியர், மல்லேஸ்வரம்)

அரங்கத்தை முன்னிறுத்தினால் தோற்போம். ஆய்வகத்தை முன்னிறுத்துங்கள். இந்திய அறிவியல் கழகத்தில் நானோ அறிவியல், பொறியியல் மையமும் அதனுள் நுண்ணிய சில்லுகளையும் கருவிகளையும் உருவாக்கும் தேசிய நானோ ஃபேப்ரிகேஷன் மையமும் இருக்கின்றன. ஜக்கூரில் 1989இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், வேதியியல் அறிஞர் சி.என்.ஆர். ராவ் வளர்த்தெடுத்த இடம். ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆய்வு மையமாகப் பிறந்ததுதான் இன்று சிவனபுரத்தில் நானோ, மென்பொருள் அறிவியல் மையமாக நிற்கிறது (இங்கே மென்பொருள் என்பது கணினி நிரல் அன்று, மென்மையான பருப்பொருள்). ஒரே நகரத்தின் எல்லைக்குள்ளும் அதன் விளிம்பிலும் இப்படி மூன்று நிறுவனங்கள்!

ஆனால் மற்ற நகரங்களைத் தாழ்த்தி ஒரு வரிகூட எழுதாதீர்கள். வெளியூர் ஆய்வாளர்களுக்குக் கருவிகளைத் திறந்துவிட்ட இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனாளர் திட்டம், ஐஐடி மும்பையும் நம் கழகமும் சேர்ந்து தொடங்கியது. நாட்டின் நானோ மாநாடான ஐகான்சாட் 2010இல் மும்பையில் நடந்தது, 2018இல் இங்கே நடந்தது. நமக்கு அனுபவம் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதிய சான்று.

வளாகமா, கண்காட்சி மையமா, நட்சத்திர விடுதியா? (பொறியாளர், ஒயிட்ஃபீல்டு)

என் விருப்பத்தை மறைக்க மாட்டேன்: அறிவியல் கழக வளாகம், அங்குள்ள ஜே.என். டாடா அரங்கம். உரை முடிந்ததும் பேச்சாளரும் மாணவரும் மரநிழலில் நடந்துகொண்டே விவாதத்தைத் தொடரலாம். விடுதி மாநாட்டில் அவரவர் லிஃப்டில் ஏறி அறைக்குப் போய்விடுகிறார்கள். கருவி நிறுவனங்கள் திரளாக வந்து கண்காட்சி வைப்பதாக இருந்தால் மட்டுமே துமகூரு சாலையிலுள்ள சர்வதேசக் கண்காட்சி மையத்தை யோசிக்கலாம். 2024 நவம்பரில் பச்சை வழித்தட மெட்ரோ அந்த மையத்தை ஒட்டிய மாதாவரா வரை நீண்டதால் அங்கே போவது முன்போல் கடினமில்லை. எந்த இடமானாலும் சுவரொட்டி அமர்வுக்கு, அதாவது மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து அருகே நின்று விளக்கும் நிகழ்வுக்கு, விசாலமான கூடம் வேண்டும். வராந்தாவில் நெருக்கியடித்து மாணவர்களை நிற்க வைப்பது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

வருகிறவர்கள் எல்லோருக்கும் கிளீன் ரூமை (தூசி புகாத ஆய்வக அறையை) காட்ட முடியுமா அண்ணா? (ஆய்வு மாணவி, ஜாலஹள்ளி)

எல்லோரையும் உள்ளே அழைத்துச் செல்ல முடியாது தங்கையே. கிளீன் ரூம்களைத் தூய்மையின்படி வகுப்பு பிரிப்பார்கள். நூறாம் வகுப்பு அறையில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் 100க்கு மிகக் கூடாது. மனித உடலே ஓயாமல் துகள் உதிர்க்கிறது. ஆகவே முழு உடுப்பு, தலைமூடி, கையுறை அணிந்து சிறு சிறு குழுவாகத்தான் போக முடியும். அன்றைக்கு வேலை நடக்கும் கருவிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் சுற்று ஏற்பாடு செய்யலாம். ஆய்வகப் பொறுப்பாளரிடம் பேசி, எத்தனை பேர், எந்த நேரம் என்று எழுத்தில் வாங்கி முன்மொழிவிலேயே இணைத்துவிடுங்கள். தேர்வுக்குழு இந்தப் பக்கத்தைத்தான் நின்று நிதானமாகப் படிக்கும்.

எந்த மாதம் நல்லது? (யஷ்வந்தபுரம்)

டிசம்பர் அல்லது ஜனவரி. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். நவம்பரில் பெங்களூரு தொழில்நுட்ப உச்சிமாநாடு வரும். ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடப்பதால் விடுதி வாடகை ஏறும், விமான நேரங்களும் மாறும்.

வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்தால் போதாதா? (இந்திராநகர்)

போதாது. மாநாட்டு விசா வேண்டும். அதற்கு நம் பக்கத்திலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் தேவைப்படும். அழைப்புக் கடிதம் கிடைத்தும் இவை தாமதமானால் நல்ல ஆய்வாளர் ஒருவர் வராமலே போவார். இதைக் கவனிக்கத் தனியாக ஒருவரை நியமியுங்கள்.

அயல்நாட்டு நிறுவனம் பணம் தந்தால் வாங்கலாமா? (மாரத்தஹள்ளி)

அரங்கில் இடம் தந்து அதற்குக் கட்டணம் பெறுவது வேறு, நன்கொடை பெறுவது வேறு. நன்கொடை என்றால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரும். நிறுவனத்தின் கணக்கு அதிகாரியைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் பதிவுக் கட்டணத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடுகிறோம். இதற்கு வழி உண்டா ஐயா?

இந்தக் கேள்விக்காகவே இந்த மாநாடு இங்கே வர வேண்டும் என்று நினைக்கிறேன் தம்பி. எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் படத்தில் மட்டுமே பார்த்துத் தேர்வு எழுதும் மாணவர்கள், பஸ் ஏறினால் வந்துசேரும் தூரத்தில் இருக்கிறார்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சிஎஸ்ஐஆரும் (அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம்) கருத்தரங்குகளுக்கு நிதியுதவி தருகின்றன. அந்தத் தொகையில் ஒரு பங்கை மாணவர் சலுகைக்கு என்று வரவுசெலவிலேயே தனி வரியாக எழுத வேண்டும். மீதி இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மீதி இருக்காது. விடுமுறையில் காலியாகும் மாணவர் விடுதி அறைகளையும் கேட்டு வாங்க வேண்டும். முதன்மை உரைகளில் ஒன்றையாவது இளங்கலை மாணவருக்குப் புரியும் தரத்தில் வைக்க வேண்டும். நீ ஆய்வுச் சுருக்கம் எழுதத் தொடங்கு. உன் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதம் ஒன்றையும் வாங்கி வை, சலுகை கேட்கும்போது அது தேவைப்படும்.

முன்மொழிவின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது? (ஜெயநகர்)

நகரத்தின் வானிலையையும் பூங்காக்களையும் பின்பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் மாநாட்டுத் தேதி, அரங்கம் ஒதுக்கப்பட்டதற்கான கடிதம், ஆய்வகப் பார்வை அட்டவணை, மாணவர் கட்டணம் ஆகிய நான்கும் இருக்கட்டும். அரங்கக் கடிதத்தை இந்த வாரமே கேளுங்கள். டிசம்பர் தேதிகள்தாம் முதலில் நிரம்பும்.