கடலோர மனை: உயர் அலைக் கோட்டுக்கு வெளியே இருந்தால் போதுமா?

ஈரோட்டுக்காரர் ஒருவர் மரக்காணம் பக்கம் மனை பார்த்துவிட்டு, உயர் அலைக் கோட்டுக்கு, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லைக்கு, வெளியே இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது.

பவானி கூடுதுறையில் வெள்ளம் படியேறும், வடியும். கரை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடலிலோ கரையே நகர்கிறது. அதனால்தான் நீர்மட்ட ஏற்ற இறக்கத்தால் வரும் வெள்ளம், கடல்மட்ட உயர்வு, கரைமாற்றம் மூன்றையும் கணக்கிட்டு இந்திய சர்வே துறை தனியாக ஓர் அபாயக் கோடு வரைந்திருக்கிறது. கடற்கரையோரக் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல (CRZ) அறிவிக்கையின்படி அது பேரிடர்த் திட்டமிடலுக்கான கருவி. கட்டட அனுமதி கிடைத்துவிட்டது என்பதால் இடம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்று ஆகிவிடாது.

அதைவிட முக்கியம், அருகில் துறைமுகமோ கல்தடுப்போ இருக்கிறதா என்பது. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. தடுப்புக்கு வடபுறத்து மனையைத் தரகர் பாதி விலைக்குத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இந்தக் கோடுகளைக் காட்டும் வரைபடத்தின் அளவையும் (ஸ்கேல்) பாருங்கள். 1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 30-க்கு 40 அடி மனை பேனாக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். சர்வே எண் குறித்த உள்ளூர் வரைபடத்தையே கேளுங்கள்.