இடுக்கியைக் கையில் எடுக்கும் முன்: மாலாதாங் கேள்வி – பதில்

சென்ற இதழில் சீன நகரங்களில் தனியாகச் சாப்பிடுவது பற்றி எழுதியிருந்தேன். அதில் மாலாதாங் கடையைப் பற்றி இரண்டே வரிதான் வந்தது. வேண்டிய காயையும் இறைச்சியையும் நாமே பொறுக்கிக் கொடுத்தால், காரச் சாற்றில் வேகவைத்துக் கிண்ணத்தில் தரும் சீன உணவு அது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டன. சிச்சுவான் மாகாணத்துச் செங்டுவில் நான்கு வருடமும், வடகிழக்குச் சீனாவின் பனி ஊரான ஹார்பினில் ஒரு முழுக் குளிர்காலமும் இருந்தவள் நான். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மருத்துவம் படிக்க சீனாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது அக்கா. விடுதிக்கு எதிரே ஒரு மாலாதாங் கடை. மெனு இல்லை, பரிமாறுபவரும் இல்லை. எல்லோரும் ஆளுக்கொரு பேசினோடு அலைகிறார்கள். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது முறை உள்ளே போய்விடுங்கள் தம்பி. வாசலுக்குப் பக்கத்திலேயே பேசின்களும் இடுக்கிகளும் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு குளிர்பெட்டி அலமாரிக்குப் போங்கள். கீரை, காளான், டோஃபு, கிழங்கு, நூடுல்ஸ், மீன் உருண்டை, இறைச்சித் துண்டு எல்லாம் பச்சையாக இருக்கும். வேண்டியதை எடுத்துக் கல்லாவில் கொடுத்தால் நிறுப்பார்கள். விலைப்பலகையில் இருப்பது ஒரு ‘ஜின்’னுக்கான விலை. ஒரு ஜின் என்றால் 500 கிராம். சில கடைகளில் இறைச்சிக்குத் தனி விலை. குச்சியில் செருகியதை எண்ணிக் காசு வாங்குவதும் உண்டு.

நிறுத்ததும் காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். காரமே வேண்டாம் என்றால் ‘பு லா’, கொஞ்சமாக என்றால் ‘வெய் லா’, நடுத்தரம் ‘ஜோங் லா’. முதல் தடவை ‘வெய் லா’ என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் எவ்வளவு காரம் சாப்பிட்டுப் பழகியிருந்தாலும் சரி, இதில் என் பேச்சைக் கேளுங்கள். காரணத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். கைப்பேசியில் பணம் கட்டியதும் ஓர் எண் தருவார்கள். சமையற்காரர் உங்கள் பேசினில் இருப்பதைக் கம்பிக் கூடையில் போட்டுக் கொதிக்கும் சாற்றில் வேகவைத்துப் பெரிய கிண்ணத்தில் கொட்டித் தருவார். எண்ணைக் கூப்பிடும்போது சீனத்தில்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஒன்று முதல் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டு போவது நல்லது.

இவ்வளவுதான் நடைமுறை. எதை எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அலமாரியில் அழகாகத் தெரிவதை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். சாறு எதற்குள் போகும், எதற்குள் போகாது என்று பார்த்து எடுங்கள். இந்தச் சாப்பாட்டில் ருசி முழுவதும் சாற்றில் இருக்கிறது. அதைக் குடிப்பதற்கு ஏற்ற பொருள் கிண்ணத்தில் இல்லாவிட்டால் வெறும் வெந்த காய்தான் மிஞ்சும்.

உறைந்த டோஃபு எடுங்கள். டோஃபுவை உறையவைக்கும்போது உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, உருகியபின் துளைத் துளையாக விட்டுப்போகும். பஞ்சு மாதிரி சாற்றை இழுக்கும், கடித்தால் வாயில் ஓடும். பொரித்த டோஃபுவும் அப்படித்தான். சோயாப் பால் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையைக் காயவைத்து எடுக்கிற ‘ஃபூஜு’ இருக்கிறதே, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது. மடிப்பு மடிப்பாகச் சாற்றைப் பிடித்து வைத்திருக்கும், ஆனாலும் மெல்லுவதற்குப் பிடி இருக்கும். அப்புறம் சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸ் ஒரு பிடி. தாமரைக் கிழங்கு சாற்றை இழுக்காது, ஆனால் நறுக்கென்று இருக்கும். இரண்டு வில்லை போதும். மரக்காது காளானையும் கடிப்பதற்காகவே கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். ஒரு காடை முட்டை. கடைசியாகக் கீரை.

கீரையில் மட்டும் கவனம். கிண்ணத்தின் மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயை முதலில் பிடிப்பது இலைதான். ஊசிக் காளானும் அதே ரகம், நூல் நூலாக இருப்பதால் எண்ணெயை அள்ளிக்கொள்ளும். காரம் தாங்காதவர்கள் தெரியாமல் கீரையில் ஆரம்பித்து முதல் வாயிலேயே தவித்துப்போகிறார்கள். அடியிலிருந்து டோஃபுவை எடுத்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: எனக்குக் காரம் பழக்கம்தான். ஆனால் செங்டுவில் மாலாதாங் சாப்பிட்ட ஐந்து நிமிடத்தில் உதடும் நாக்கும் மரத்து, மின்சாரம் பாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. பயந்து பாதியில் எழுந்துவிட்டேன். இது ஒவ்வாமையா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சிச்சுவான் மிளகின் வேலை. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்: ‘மா’ என்றால் மரத்துப்போவது, ‘லா’ என்றால் காரம், ‘தாங்’ என்றால் கொதிக்கக் கொதிக்கச் சூடு. நமக்குப் பழகியது ‘லா’ மட்டும். ‘மா’ நம் நாக்குக்குப் புதிது.

சிச்சுவான் மிளகுக்கும் கறுப்பு மிளகுக்கும் உறவே இல்லை. அது எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்து மரம். அதன் காய்த்தோலில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. லண்டன் ஆய்வாளர்கள் இதை 2013-ல் அளந்தே பார்த்தார்கள். மிளகு தடவிய உதட்டில் தெரியும் துடிப்பை விரல் நுனியில் கொடுத்த அதிர்வோடு ஒப்பிட்டபோது, நொடிக்கு ஏறக்குறைய 50 முறை அதிரும் உணர்வோடு அது பொருந்தியது. மின்சாரம் பாய்ந்த மாதிரி என்று நீங்கள் எழுதியது எவ்வளவு சரி பாருங்கள்.

மிளகாய்க் காரம் வேறு வழியில் வருகிறது. நாக்கில் சூட்டை உணரும் ஏற்பிகளைத்தான் அது தொடுகிறது. சாறும் கொதிக்கிற சூட்டில் இருப்பதால் இரண்டும் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். அதனால்தான் வீட்டுக் காரத்தை வைத்து இந்தக் காரத்தைக் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன். கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, தண்ணீர் குடித்துப் பயனில்லை. குளிர்ந்த பால் அல்லது தயிர் பானம் உதவும். மரத்துப்போனது பத்து, இருபது நிமிடத்தில் தானாகத் தெளிந்துவிடும்.

ஆனால் உதடு வீங்கினாலோ, தொண்டை இறுகினாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ அது வெறும் மரத்துப்போவது இல்லை, உடனே மருத்துவரிடம் போங்கள். எள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தக் கடைகளில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டும் அங்கே எங்கும் கலந்திருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். காய்கறி, காளான், டோஃபு மட்டும் எடுத்தால் மாலாதாங் எங்களுக்குச் சரிப்பட்டு வருமா? மாட்டிறைச்சி மட்டும் தவிர்க்கும் தோழி ஒருத்தியும் கேட்கச் சொன்னாள்.

இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிட வேண்டும். காயை மட்டும் எடுத்தால் சைவமாகிவிடாது. காரச் சாற்றின் அடிப்படையே பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் வதக்கிய மசாலாதான். வடகிழக்குப் பாணி வெள்ளைச் சாறு எலும்பு வேகவைத்த நீர். காரமில்லாத சாறு என்று கேட்டு வாங்கினாலும் இது மாறாது.

என் தோழி ஒருத்தி மாட்டிறைச்சி தொடாதவள். ஒரு கடையில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஒருநாள் சமையலறைக் கதவு திறந்திருந்தபோது செங்கல் மாதிரி கொழுப்புக் கட்டியை அண்டாவில் போடுவதைப் பார்த்துவிட்டாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கொழுப்பு என்பது எண்ணெய், இறைச்சி அல்ல. அன்று அவள் அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் சொல்கிறேன், ‘இறைச்சி இல்லாமல்’ என்று சொன்னால் போதாது. மாட்டுக் கொழுப்புக்கு ‘நியூயோ’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லி வேண்டாம் என்று கேளுங்கள். இன்னும் நல்லது, கைப்பேசியில் சீன எழுத்தில் எழுதிக் காட்டுவது. தாவர எண்ணெயில் செய்த காரச் சாறு வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

உங்கள் தோழிக்கு அது ஓரளவு உதவும், மற்றவர்களின் மாட்டிறைச்சியும் அதே சாற்றில் வேகலாம் என்பதை மட்டும் அவள் நினைவில் வைக்கட்டும். முழுச் சைவத்துக்குப் போதாது. ஒரே அண்டாவில் எல்லோருடைய கூடையும் முங்கி எழும். அலமாரியிலும் சில கவனங்கள் வேண்டும்: நண்டுக் குச்சி என்பது மீன் விழுது. டோஃபு மாதிரி சதுரமாக, கருஞ்சிவப்பாக இருப்பது வாத்து இரத்தம். ‘சூ ஜி’ என்ற பெயரில் கோழி வருகிறது, ஆனால் அது சோயாதான், பயம் வேண்டாம். கண்டிப்பான சைவம் என்றால் ‘சூ’ என்ற எழுத்தைப் பலகையில் போட்டிருக்கும் சைவ உணவகங்களைத் தேடிப் போங்கள். செங்டுவில் வென்ஷு மடாலயத்திலேயே சைவ உணவகம் இருக்கிறது. மனம் உறுத்தாமல் சாப்பிடலாம்.

இன்னொரு வாசகர் ஹலால் பற்றிக் கேட்டிருந்தார். ‘ச்சிங்ஜென்’ என்ற பலகையைப் பாருங்கள், பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அங்கே பன்றி இருக்காது, மாடு இருக்கும்.

கேள்வி: ஹாட்பாட் என்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஹாட்பாட்டில் அண்டா மேசை நடுவில் கொதிக்கும், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து தாங்களே வேகவைத்து எடுப்பார்கள். மாலாதாங்கில் சமையற்காரர் வேகவைத்து ஒருவருக்கு ஒரு கிண்ணமாகத் தருவார். செங்டுவில் இதற்கு நெருங்கிய சொந்தம் ‘மாவ்சாய்’. சாறே இல்லாமல் வாணலியில் புரட்டித் தந்தால் அது ‘மாலா சியாங்குவோ’.

கேள்வி: கொஞ்சம்தான் எடுக்கிறேன், தராசில் வைத்தால் 50 யுவானைத் தாண்டுகிறது. எப்படிக் குறைப்பது?

என்ன எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கிழங்கு, பூசணி, சோளத் துண்டு, அரிசிக் கட்டி என்று யூகிக்கிறேன். இவைதான் கனம். நீரில் கிடக்கும் கடற்பாசி, ஊறிய நூடுல்ஸ் எல்லாவற்றையும் இடுக்கியில் தூக்கி இரண்டு நொடி வடியவிட்டுப் பேசினில் போடுங்கள். கடைக்கு ஏன் தண்ணீருக்குக் காசு தர வேண்டும்? பொரித்த டோஃபு, பொரித்த மாவுக் குச்சி, கீரை இவை எல்லாம் எடை குறைவு, வயிறு நிறையும். ஒரு ஆளுக்கு 500 கிராம் தாராளம். பேசின் பெரிது, அதன் அடி மறைந்து இன்னொரு அடுக்கு வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். கிண்ணம் நெருக்கமாகிவிட்டால் சாற்றுக்கு இடம் இல்லை, அதுவும் நஷ்டம்தான்.

கேள்வி: சாற்றைக் குடிக்கலாமா? எதிரே இருந்தவர் அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

சிச்சுவான் பாணி என்றால் குடிக்க மாட்டார்கள். அது வேகவைக்கவும் ருசி ஏற்றவும்தான், எண்ணெயும் உப்பும் மிக அதிகம். எள் விழுது கரைத்த வடகிழக்குப் பாணிச் சாற்றை மக்கள் குடிக்கிறார்கள், நானும் குடித்திருக்கிறேன். பாதிக்கு மேல் வேண்டாம், இரவு முழுக்கத் தாகம் எடுக்கும்.

கேள்வி: மாலாதாங் சிச்சுவான் உணவு என்கிறீர்கள். ஆனால் எங்கே பார்த்தாலும் யாங் குவோஃபு என்ற பெயர். அது ஹார்பின் கடை என்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. சிச்சுவான் ஆற்றங்கரைகளில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த தொழிலாளர்கள், குளிருக்கும் ஈரத்துக்கும் கரையிலேயே பானை வைத்து, கையில் கிடைத்த காயை மிளகும் மிளகாயும் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டதில் பிறந்தது என்று சொல்வார்கள். லெஷான் ஊர்க்காரர்கள் அது எங்கள் ஊர் என்று உரிமை கொண்டாடுவார்கள். இதில் சிச்சுவான் மிளகுதான் பழசு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தது. 1591-ல் ஒரு சீன நூல் அதைக் குறிப்பிடும்போது, வெள்ளைப் பூவும் சிவப்புக் காயுமாகப் பார்க்க அழகான செடி என்று எழுதுகிறது.

யாங் குவோஃபு 2003-ல் ஹார்பினில் தொடங்கியது, அதற்குப் போட்டியான ஜாங் லியாங் கடை 2008-ல் அதே ஊரில். பனி ஊர்க்காரர்களுக்கு ஏற்ற மாதிரி காரத்தைக் குறைத்து, எலும்புச் சாற்றில் பால் சுவை சேர்த்து, மேலே எள் விழுது ஊற்றினார்கள். நாடு முழுக்கப் பரவியது அதுதான். செங்டு நண்பர்கள் இதை மாலாதாங் என்றே ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிய நாளில் ஹார்பினில் அந்த வெள்ளைச் சாற்றைக் குடித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் கான்சு மாகாணத்தின் தியான்ஷுயி நகர மாலாதாங் திடீரென்று பேர் வாங்கி, அதைச் சாப்பிடவே மக்கள் ரயில் ஏறி வந்தார்கள். நகர நிர்வாகம் அதற்கென்று பேருந்து விட்டது. கான்கு வட்டாரத்து மிளகாய்ப் பொடியில் சூடான எண்ணெய் ஊற்றி மேலே தாராளமாகப் போடுவார்கள், கூடவே விரல் அகல உருளைக்கிழங்கு நூடுல்ஸ். சிவப்பாக இருக்குமே தவிர, வாசனைதான் அதிகம்.

கேள்வி: கணவருக்கு ஷாங்காயில் வேலை, இரவுப் பணி. மாலையில் தனியாக வெளியே சாப்பிடப் போகக் கூச்சமாக இருக்கிறது அம்மா. எல்லோரும் பார்ப்பார்களோ என்று தோன்றுகிறது.

மாலாதாங் கடைக்குப் போங்கள் மகளே. சுவரைப் பார்த்த ஒற்றை நாற்காலிகள் அங்கே நிறைய இருக்கும். பள்ளிப் பிள்ளைகள், பார்சல் விநியோகிக்கும் பையன்கள், வேலை முடிந்த பெண்கள் என்று பாதிப் பேர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேருக்குச் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு பிடி நூடுல்ஸும் நாலு டோஃபுவும் எடுத்தாலும் அதே மரியாதையோடு நிறுத்துத் தருவார்கள். சில கடைகளில் குறைந்தபட்ச எடை ஒன்று வைத்திருப்பார்கள், அதை மட்டும் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்பினில் நான் போகும் கடைக்கு ஒரு பாட்டி வருவார். முட்டைக்கோஸ், உறைந்த டோஃபு, நூடுல்ஸ், எப்போதும் இந்த மூன்றுதான். கண்ணாடியில் ஆவி படியும், கழற்றித் துடைத்து மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுவார். நான் தடுமாறிக்கொண்டிருந்த முதல் வாரத்தில், என் பேசினை எட்டிப் பார்த்து, மேலே இருந்த இரண்டு கிழங்குத் துண்டைத் தன் இடுக்கியால் எடுத்து அலமாரியில் திரும்ப வைத்து, பதிலுக்கு ஃபூஜு கொஞ்சம் போட்டுவிட்டுப் போனவர் அவர்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து நான் அப்படித்தான் எடுக்கிறேன்.