அலையும் ராக்கெட்டும் – கடிதம்

ஐயா, குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது. பக்கத்திலேயே கடல். அலையில் மின்சாரம் எடுத்து, தண்ணீரைப் பிரித்து, ராக்கெட்டுக்கு ஹைட்ரஜன் தயாரிக்க முடியாதா? உப்புதான் தடையா?
– வாசகர், திருச்செந்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் குலசேகரன்பட்டினத்துக்கு அது தேவைப்படாது. அங்கிருந்து கிளம்பப்போகும் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருளில் எரிபவை. திரவ ஹைட்ரஜன் கேட்பது எல்விஎம்-3 போன்ற பெரிய ராக்கெட்டுகளின் மேலடுக்கு. அந்த எஞ்சினை இஸ்ரோ சோதிக்கும் மகேந்திரகிரி மலையும் உங்கள் பக்கம்தான்.

எல்விஎம்-3இன் அந்த அடுக்கில் நிரப்புவது 28 டன். அதில் ஹைட்ரஜன் ஏறக்குறைய 5 டன், மீதி திரவ ஆக்சிஜன். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். அதை மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க இன்னும் 10 யூனிட்டாவது வேண்டும். ஆக, ஒரு ராக்கெட்டுக்கு மூன்று லட்சம் யூனிட். உப்பு நீக்கும் செலவு இதில் ஒரு பொருட்டே இல்லை, 5 டன் ஹைட்ரஜனுக்கு வேண்டிய 45,000 லிட்டர் தண்ணீருக்குச் சில நூறு யூனிட் போதும்.

மின்சாரம்தான் கேள்வி. 1991இல் ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் அமைத்தார்கள். கடலுக்குள் ஒரு கான்கிரீட் அறை. அலை ஏறும்போது உள்ளேயிருக்கும் காற்றை வெளியே தள்ளும், இறங்கும்போது திரும்ப இழுக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் டர்பைன் ஒரே திசையில் சுற்றும். எவ்வளவு அழகான யோசனை! அது முழுத் திறனில் இடைவிடாமல் ஓடினால் மூன்று மாதத்தில் ஒரு ராக்கெட்டுக்கான மின்சாரம் சேர்ந்துவிடும். ஆனால் ஆடியில் கொந்தளிக்கும் கடல் மாசியில் அடங்கிவிடும். உப்புக்காற்று இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையம் இன்று ஓடவில்லை.

மகேந்திரகிரிக்கு இன்றே பசுமை ஹைட்ரஜன், அதாவது காற்று, அலை போன்றவற்றின் மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜன், வேண்டுமென்றால் முப்பந்தல் காற்றாலைகளைத்தான் நான் காட்டுவேன். அலையைவிடக் காற்று மலிவு, மலைக்குப் பக்கத்திலும் இருக்கிறது.

அதற்காக அலையைக் கைவிட எனக்கு மனமில்லை. ராக்கெட் தினமும் கிளம்புவதில்லை. கடல் கொடுக்கும்போது வாங்கி, வாயுவாகச் சேர்த்துவைத்து, ஏவுவதற்கு முன் திரவமாக்கிக்கொள்ளலாம். வீட்டு விளக்குக்கு அப்படிக் காத்திருக்க முடியாது. 2022இல் அதே ஐஐடி தூத்துக்குடிக் கடலில் சோதித்த சிந்துஜா-1 என்ற அலை மின்சார மிதவையின் திறன் 100 வாட். வடிவம் வேறு, நோக்கம் வேறு, ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் விழிஞ்ஞத்துக்குப் பிறகான முப்பது வருடத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எஞ்சின் சோதனைக்குத் தேவையான ஹைட்ரஜனில் ஒரு சிறு பங்கையாவது அலையிலிருந்து வாங்குகிறோம் என்று இஸ்ரோ அறிவித்தால், இந்த ஆய்வுக்கு ஒரு நிலையான வாடிக்கையாளர் கிடைப்பார். பணமும் ஆளும் அதற்குப் பிறகுதான் வரும்.