திரையைப் பூட்டும் ஒரு சின்ன நிரலுக்கு வரும் பேட்ச்களை (மற்றவர்கள் எழுதி அனுப்பும் மாற்றங்களை) ரிவ்யூ செய்யும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

இந்த வரியில் நிரல் கிராஷ் ஆனால் என்ன ஆகும்? எனக்கு இதுதான் முதல் கேள்வி. லினக்ஸ் போன்றவற்றில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்11 அமைப்புக்கான ஒரு சின்னப் பூட்டு நிரலுக்கு வரும் பேட்ச்களைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். முழுவதும் சி மொழி, சில நூறு வரிகள்தான்.

எக்ஸ்11-இல் பூட்டு என்பது திரை முழுவதையும் மறைக்கிற ஒரு ஜன்னல். கூடவே கீபோர்டையும் மவுஸையும் வேறு யாருக்கும் போகாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். நிரல் செத்தால் பிடி விட்டுப்போகும், உள்ளே இருப்பதெல்லாம் திறந்து கிடக்கும்.

எஸ்லாக் என்ற பூட்டு நிரலில் 2016-இல் வெளிவந்த ஓட்டை இப்படித்தான். பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்து வைத்திருக்கும் வடிவம்) செல்லாததாக இருந்தால், தட்டிய பாஸ்வேர்டை அதேபோல உருமாற்றும் கிரிப்ட் ஃபங்ஷன் வெறும் நல்-ஐ, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்பதைத் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமலே ஒப்பிடப் போய், நிரல் விழுந்து, திரை திறந்துகொண்டது. ஒரே ஒரு இஃப் சோதனை விட்டுப்போனதால் வந்தது. 2021-இல் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் குழந்தைகள் திரைக் கீபோர்டில் கண்டபடி தட்டியே பூட்டு நிரலை விழவைத்துத் திறந்துவிட்டார்கள்.

அதனால்தான் கடிகாரம், பின்னணிப் படம், அழகான எழுத்துரு என்று வரும் பேட்ச்களைப் பெரும்பாலும் மறுத்துவிடுகிறேன். ஒரு படத்தைக் காட்ட ஒரு லைப்ரரி வேண்டும். அதில் உள்ள பிழை எல்லாம் பூட்டுக்குள்ளே வந்துவிடும். அனுப்பியவர் ஆசையோடு உழைத்திருப்பார், மறுக்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஏன் வேண்டாம் என்பதை மட்டும் விரிவாக எழுதிவிடுவேன்.

சின்னதாகத் தெரியும் மாற்றங்களில்தான் அதிக நேரம் போகும். ஒருமுறை, பாஸ்வேர்டை மெமரியிலிருந்து அழிக்கும் எக்ஸ்ப்ளிசிட்_பிஜீரோவை எடுத்துவிட்டு, மெமரியை நிரப்பும் சாதாரண ஃபங்ஷனான மெம்செட்டைப் போட்டு ஒரு பேட்ச் வந்தது. படிக்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அழித்த இடத்தை அதற்கப்புறம் யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தால், சி-யை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் அந்த மெம்செட்டையே தூக்கிவிடலாம். பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும். அதேபோல, ரூட் அனுமதியை (கணினியின் முழு நிர்வாகி அனுமதியை) கைவிடும் வரியை யாராவது மேலே கீழே நகர்த்தினால் பயமாக இருக்கும். ஹாஷைப் படிக்கவும், மெமரி தீரும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் நம் நிரலைக் கொல்லாதபடி சொல்லி வைக்கவும் ரூட் வேண்டும். இரண்டும் முடிந்த பிறகுதான் கைவிட வேண்டும்.

படித்து முடித்ததும் ஓட்டிப் பார்ப்பேன். நூற்றுக்கணக்கான எழுத்துகளைத் தட்டி என்டர் அடிப்பேன். பூட்டியபடியே இன்னொரு மானிட்டரைச் செருகுவேன். ஏதாவது மெனுவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டப் பார்ப்பேன். கீபோர்டு அந்த மெனுவின் கையில் இருப்பதால் பூட்டு நிரலுக்குக் கிடைக்காது. அப்போது நிரல் பிழை சொல்லி வெளியேற வேண்டும். திரையை மட்டும் கறுப்பாக்கிவிட்டு நின்றால், பூட்டிவிட்டோம் என்று நம்பி ஆள் எழுந்து போய்விடுவார்.

நீங்களும் சோதிப்பதாக இருந்தால், இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் (நெட்வொர்க் வழியாக) உள்ளே நுழைந்து வைத்துக்கொள்ளுங்கள். நிரல் கீபோர்டை விடாமல் தொங்கிப்போனால், அங்கிருந்து கில் செய்துவிடலாம்.