மேசைமேல் வாட்டர்லூ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு வரலாற்றுப் போர்களை மேசைமேல் விதிமுறைப்படி ஆடும் விளையாட்டில் ஆர்வம் கொண்டுள்ளேன். 1815ஆம் ஆண்டின் வாட்டர்லூ போருக்கான இரு படைகளையும் முழுமையாகச் சேர்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? – வாசகர், கோவை

பதில்: முழுமையாகச் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதிலிருந்து தொடங்குங்கள். நெப்போலியனின் படையில் மட்டும் சுமார் 72,000 பேர் இருந்தனர். ஒரு பொம்மை 25 வீரர்களைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டாலும் பிரெஞ்சுத் தரப்புக்கே ஏறக்குறைய 2,900 பொம்மைகள் தேவைப்படும். எதிரே நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படையும், அவருக்குத் துணையாகப் பிற்பகலில் வந்து சேர்ந்த பிரஷ்யப் படையும் அதற்கு மேல். 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளில் இதைச் செய்து முடித்த குழுக்கள் உண்டு. தனி ஒருவர் தொடங்கினால் பெரும்பாலும் வண்ணம் பூசப்படாத பொம்மைகள் பெட்டியிலேயே தங்கிவிடும். முழுப் போர்தான் வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் பொம்மைகளை நாடுங்கள். 28 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்றால் களத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை லா ஹே சாந்த் பண்ணை வீடு. மேஜர் கியோர்க் பாரிங்கின் தலைமையில் பிரிட்டிஷ் அரசரின் ஜெர்மானியப் படையைச் சேர்ந்த ஏறக்குறைய 400 பேர் அதைக் காத்து நின்று, தோட்டாக்கள் தீர்ந்தபின் மாலை 6 மணியளவில் கைவிட்டனர். மேற்சொன்ன கணக்கில் அவர்கள் 16 பொம்மைகளே. அவர்கள் அணிந்தது கரும்பச்சைச் சட்டை என்பதால், சிவப்புச் சட்டை பிரிட்டிஷ் வீரர்களை வாங்கி வைத்துவிடாதீர்கள். பண்ணைக்குப் பின்னால் மேட்டில் நிற்கப்போகும் பிரிட்டிஷ் காலாட்படையை வாங்கும்போது தொப்பியைக் கவனியுங்கள். வாட்டர்லூவுக்கு முந்தைய ஸ்பெயின் போருக்கென்று விற்கப்படும் பொம்மைகள் பெரும்பாலும் புகைபோக்கி வடிவ உயர்தொப்பியுடன் இருக்கும்; வாட்டர்லூவில் பெரும்பாலான படைப்பிரிவுகள் அணிந்தது 1812இல் அறிமுகமான, முன்பக்கம் உயர்ந்த வேறு தொப்பி.

கேள்வி: பொம்மைகளைத் தனித்தனியே அடித்தட்டில் ஒட்டுவதா, கூட்டமாக ஒட்டுவதா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நெப்போலியன் காலத்துக் காலாட்படை தனி மனிதனாக அல்ல, பல நூறு பேர் கொண்ட பட்டாலியன் என்னும் பிரிவாகவே நகர்ந்தது, ஆகவே கூட்டமாக ஒட்டுவதே பொருத்தம். 45 × 40 மில்லிமீட்டர் அடித்தட்டு ஒன்றில் முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் மூவர் என ஆறு பேரை நிறுத்தி, அத்தகைய நான்கு தட்டுகளை ஒரு பட்டாலியனாகக் கொள்ளுங்கள். தட்டுகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் அணிவரிசை, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நெடுவரிசை, நான்கையும் நான்கு திசை நோக்கித் திருப்பினால் குதிரைப்படையை எதிர்கொள்ளும் சதுரம். முன்னே சிதறி நின்று சுடுபவர்களை மட்டும் சிறு வட்டத் தட்டுகளில் தனியே ஒட்டுங்கள்.

தட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகை போதும். அட்டையை ஈரப்பசை வளைத்துவிடும். பொம்மையை ஒட்டி வண்ணம் பூசி முடித்தபின், ஃபெவிக்கால் தடவிச் சலித்த மணலைத் தூவுங்கள். அது நன்றாகக் காய்ந்ததும் கரும்பழுப்பு பூசி, தூரிகையில் வண்ணத்தை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, வெளிர்பழுப்பை மேடான மணிகளில் மட்டும் படும்படி இழுத்தால் மண்ணுக்கு ஆழம் வந்துவிடும். புல் இழைகளைக் கடைசியில், திட்டுத்திட்டாக ஒட்டுங்கள். தட்டு முழுவதையும் பச்சையாக மூடுவது பலருக்கும் உள்ள பழக்கம். எனக்கு அது உவப்பில்லை, ஏனெனில் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த நிலத்தில் மண்தான் முதலில் தெரியும். எந்தப் பழுப்பைத் தேர்ந்தாலும் அதே பழுப்பை மேசைப் பரப்புக்கும் பூசுங்கள். இரண்டும் வேறுபட்டால், எவ்வளவு நுட்பமாகப் பூசிய பொம்மையும் நிலத்தில் நிற்பதாகத் தோன்றாது, ஒரு தட்டின்மேல் நிற்பதாகவே தோன்றும்.

கேள்வி: பண்ணை வீட்டைச் சரியான அளவில் செய்தேன், மேசையில் பாதியை அதுவே அடைத்துக்கொள்கிறது. எங்கே பிசகியது? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் வீடு பொம்மைக்குச் சரியான அளவில் இருக்கிறது, நிலத்துக்கு இல்லை. 600 பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாலியன் இரண்டு வரிசையில் நின்றால் அதன் முகப்பு ஏறக்குறைய 165 மீட்டர். மேலே சொன்ன நான்கு தட்டுகளின் முகப்பு 18 சென்டிமீட்டர். ஆக, மேசையில் ஒரு சென்டிமீட்டர் என்பது களத்தில் 9 மீட்டருக்குச் சற்று மேல். 20 மீட்டர் நீள வீட்டை 28 மில்லிமீட்டர் பொம்மைக்கு ஏற்பச் செய்தால் 36 சென்டிமீட்டர் வரும்; அது இரண்டு பட்டாலியன்களின் முகப்பை விழுங்கிவிடும். எனவே கதவின் உயரத்தைப் பொம்மைக்கு ஓரளவு பொருந்த விட்டு, வீட்டின் நீள அகலங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள். கண் இதை எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

இந்தச் சிக்கலுக்கு, வாட்டர்லூ களத்தின் மாதிரியைச் செய்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்னும் விலக்கல்லர். 1830இல் லா ஹே சாந்த் பண்ணையிலேயே எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தவர் அவர். ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில் அவர் செய்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ மாதிரி இன்று அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அளவில் ஒரு மனிதன் 3 மில்லிமீட்டர் உயரமே இருக்க வேண்டும்; அவர் வைத்த வீரர்களோ சுமார் 10 மில்லிமீட்டர்.

இக்காலப் புகைப்படங்களைப் பார்த்து மேட்டை அமைத்துவிடாதீர்கள். 1820களில் சிங்கக் குன்று என்னும் போர் நினைவு மேட்டை எழுப்புவதற்கான மண்ணை வெலிங்டனின் அணி நின்ற மேட்டிலிருந்தே வெட்டி எடுத்தனர். அதனால் இன்றைய நிலம் அன்றையதைவிடத் தாழ்ந்திருக்கிறது. பண்ணைக்குத் தெற்கே பழத்தோட்டம், வடக்கே காய்கறித் தோட்டம், சாலைக்கு அப்பால் மணற்குழி ஆகியவை வேண்டும். களஞ்சியத்தின் மேற்கு வாயிலுக்குக் கதவு செய்யாதீர்கள்; முந்தைய இரவின் மழையில் குளிர்காய வீரர்கள் அதை விறகாக்கிவிட்டனர்.

சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கோதுமை போன்ற தானியமான ரை வளர்ந்து நின்றது. இதற்குத் தேங்காய் நார் மிதியடியை மிஞ்சிய பொருள் இல்லை; மேலைநாட்டு ஆட்டக்காரர்களும் அதைத்தான் வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். நாரின் நிறம் முற்றிய கதிருக்கே பொருந்தும் என்பதால், ஜூன் மாதப் பயிருக்கு நுனியில் மெல்லப் பச்சை தடவுங்கள். சில துண்டுகளைக் கத்தரித்துப் படிய வைத்துத் தனியே வைத்திருந்தால், படை கடந்து போன இடத்தில் நின்ற பயிரை எடுத்துவிட்டு மிதிபட்ட பயிரை வைக்கலாம். சாலையோரச் சக்கரத் தடங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தடவினால் முதல்நாள் மழையின் சேறு வந்துவிடும்.

கேள்வி: தெர்மோகோலில் செதுக்கிய குன்றின்மேல் ஸ்ப்ரே வண்ணம் அடித்ததும் அது உருகிப்போனது. ஏன்? – வாசகர், மதுரை

பதில்: ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும், செருப்பு ஒட்டும் ரப்பர் பசையும் அவ்வாறே. ஃபெவிக்காலுடன் அக்ரிலிக் வண்ணத்தையும் சிறிது மணலையும் குழைத்து, இடைவெளியின்றி இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள். அதன்பிறகும் தூரிகையே பாதுகாப்பு.

கேள்வி: பழைய ஈயப் பொம்மைகளில் வெண்பொடி படிகிறது. துடைத்தால் போதுமா? – வாசகர், சென்னை

பதில்: போதாது. மரப் பெட்டியிலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்து, வெளிப்படும் அமில ஆவி ஈயத்தை அரித்து உண்டாக்கும் பொடி அது, நஞ்சுள்ளது. கையுறை அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ வேண்டாம். குழந்தைகள் கையில் அவற்றைக் கொடுக்காதீர்கள். பிறகு வண்ணமும் வார்னிஷும் பூசி, இரும்புப் பெட்டிக்கு மாற்றுங்கள். அடித்தட்டுகளின் கீழே காந்தத் தாளை ஒட்டிவிட்டால், பெட்டியைத் தூக்கிச் செல்லும்போதும் துப்பாக்கி முனைகள் ஒன்றோடொன்று மோதி வளையாது.