சாவி வாங்கும் முன் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "புறநகரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் மாடியுடன் தனி வீடு வாங்கியிருக்கிறோம். மொத்தம் 60 வீடுகள். எங்களுடையது முன்வரிசை, வேலை முடிந்துவிட்டது, பின்பக்கம் இன்னும் கட்டுகிறார்கள். 3 வாரத்தில் சாவி, அதற்குள் கடைசித் தவணையைக் கட்டுங்கள் என்கிறார்கள். போய்ப் பார்த்தோம், எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஹால் சுவரில் மட்டும் ஒரு மெல்லிய விரிசல், அதெல்லாம் சகஜம் என்று சொன்னார்கள். புது வீட்டில் இதற்கு மேல் என்ன பார்ப்பது?"

நிறைய இருக்கிறது அம்மா. பழைய வீடு வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு. அந்த வீடு பல மழைக்காலங்களைப் பார்த்திருக்கும், ஒழுகிய இடத்தில் கறை இருக்கும், இறங்கிய மூலையில் தரை சாய்ந்திருக்கும், என்ன தவறு என்பதை வீடே காட்டிக்கொடுத்துவிடும். புது வீட்டில் யாரும் குளித்ததில்லை, மாடிக் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியதில்லை, ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து வேலை செய்ததில்லை. சோதனை செய்யப்படாத வீடு அது. அந்தச் சோதனையை நீங்கள் குடிபோன பிறகு செய்யப் போகிறீர்களா, இப்போதே செய்யப் போகிறீர்களா என்பதுதான் விஷயம். கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போது நீங்கள் சொல்லும் குறைக்கு மறுநாளே ஆள் வருவார்கள், கட்டிய பிறகு அதே குறைக்கு வாரக்கணக்கில் போன் செய்ய வேண்டியிருக்கும்.

பத்திரம், கடன் எல்லாம் உங்கள் வக்கீலும் வங்கியும் பார்க்கும் வேலை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று: அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, கையில் டேப்புடன் போய், அதில் இருப்பதுதான் கட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். கட்டி முடித்ததற்கான அரசுச் சான்று வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். புது வீடுகளில் நான் பார்க்கும் பெரிய தலைவலிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. அதனால் சாவிக்கு முன் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் மாடி பாத்ரூம் தரையில் தண்ணீர் கட்டிப் பாருங்கள் என்பேன். தரையில் உள்ள வடிகால் வாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்துவிட்டு, வாசற்படி உயரத்தைத் தாண்டாமல் ஒரு அங்குல அளவுக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். சுவர் டைல்ஸில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, நேரத்தையும் எழுதுங்கள். 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பாத்ரூமைப் பூட்டிவிட்டு வருவது நல்லது, வேலையாட்கள் யாராவது தெரியாமல் திறந்துவிட்டால் சோதனை வீண். மறுநாள் போய் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மிகக் கொஞ்சம் ஆவியாகிக் குறைந்திருக்கலாம். அதைவிட முக்கியம், கீழே இருக்கும் அறையின் கூரையையும், பாத்ரூமை ஒட்டிய சுவர்களின் மறுபக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பது. கீழே ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறார்கள் என்றால் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு வீட்டில் மாலை 5 மணிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலை 11 மணிக்குப் போனபோது கீழே ஹால் கூரையில், விளக்கு மாட்டும் வட்டப் பெட்டிக்குப் பக்கத்தில், நாணய அளவில் ஒரு கருத்த வளையம். பெயின்ட் மேல் விரலை வைத்தால் ஜில்லென்று இருந்தது. மாலைக்குள் அது உள்ளங்கை அளவாகிவிட்டது. டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், வடிகால் குழாய் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் இடத்தில் சுற்றியிருந்த இடைவெளியை வெறும் கலவையால் அடைத்திருந்தார்கள், அந்த இடத்தில் நீர்க்காப்புப் பூச்சே இல்லை. ஒழுக்கு பெரும்பாலும் இந்தக் குழாய்த் துளையிலும், தரையும் சுவரும் சேரும் மூலையிலும்தான் வரும், தரையின் நடுவில் அரிது. சாவிக்கு முன் தெரிந்ததால் 10 நாளில் சரிசெய்தார்கள். குடிபோன பிறகு என்றால், மின்விளக்குக்கு மேல் தண்ணீர் சொட்டுகிற வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும்.

அடைப்பை எடுக்கும்போதும் நின்று பாருங்கள். வாட்டம், அதாவது தரையின் சரிவு, சரியாக இருந்தால் தண்ணீர் தானாகவே வடிகாலுக்கு ஓடி முடிந்துவிடும், மூலையில் குளமாக நிற்காது. பாத்ரூம் தரைக்கு ஒரு மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் அளவு இறக்கம் இருந்தால் நன்றாக ஓடும். பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் ஒரு வாளித் தண்ணீரே போதும். மொட்டைமாடியில் மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கியிருந்தால் வாட்டம் தவறு என்று தயங்காமல் எழுதிக்கொடுங்கள். கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் கோட்டையும் பாருங்கள், அங்கே கலவையைச் சரிவாக உருட்டிப் பூசி நீர்க்காப்பைச் சுவர்மேல் கொஞ்சம் ஏற்றியிருக்க வேண்டும்.

அடுத்து கழிவுநீர். மாடியில் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து, ஃப்ளஷையும் அழுத்திவிட்டு, ஒருவர் கீழே வெளியில் இருக்கும் சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டி) மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் தயங்காமல் ஓடி, குழாயை நிறுத்தியதும் வடிந்துவிட வேண்டும். புது வீடுகளில் குழாய்க்குள் இறுகிப்போன சிமென்ட் கலவை, உடைந்த டைல்ஸ் துண்டு, ஏன், சாக்குக்கூட எடுத்திருக்கிறோம். மேல்வேலை செய்பவர்கள் டைல்ஸ் இடுக்கு அடைத்த கலவையைக் கழுவி வடிகாலிலேயே ஊற்றிவிடுவார்கள், அது அடியில் போய்ப் பாறையாகிவிடும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு அரை அடியிலிருந்து ஓர் அடி வரை இறக்கம் வேண்டும், சேம்பரில் தண்ணீர் தேங்கி நின்றால் அந்த இறக்கம் கிடைக்கவில்லை அல்லது வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. பாத்ரூமில் சாக்கடை நாற்றம் வந்தால் மட்டும் உடனே பயப்பட வேண்டாம், பல நாள் பூட்டிக்கிடந்த வீட்டில் ட்ராப்பில், அதாவது நாற்றம் மேலே வராமல் தடுக்கும் குழாய் வளைவில், நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஒரு குவளை ஊற்றிவிட்டு மறுநாள் முகர்ந்து பாருங்கள், அப்போதும் நாறினால்தான் கோளாறு.

இதோடு சேர்த்து அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள், பக்கத்தில் நெடுநாள் இருப்பவர்களிடம் கேட்டாலே தெரியும். தாழ்வான இடத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டியிருந்தால், அடுக்கடுக்காகப் போட்டு இறுக்காத மண் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு ஆழமான அஸ்திவாரம் இருக்கலாம், ஆனால் போர்ட்டிகோ தரை, வண்டி நிறுத்தும் இடம், வாசல் படி, சுற்றுச்சுவர் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கொட்டிய மண் மேலேயே உட்கார்ந்திருக்கும். முதலில் இறங்குவது அவைதான். படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இப்போதே இருந்தால் அதுதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடம், கழிவுநீர்க் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடம். வீடு அசையாது, வெளிமண் இறங்கும், குழாய் நடுவில் மாட்டிக்கொண்டு முறியும். அந்த இணைப்பை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டு, மூடுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் வாங்கி வையுங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள தரை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், முதல் 10 அடிக்கு அரை அடி இறக்கம் நல்ல அளவு. இடம் அவ்வளவு இல்லை என்றாலும் தண்ணீர் சுவரடியை விட்டு விலகி ஓட வழி இருக்க வேண்டும். அப்புறம், உங்களைப் போல முதலில் முடிந்த வீட்டுக்காரர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாசலில் இப்போது இருக்கும் சாலைதான் கடைசியா? லாரிகள் ஓடி முடிந்த பிறகுதான் பெரும்பாலும் மேல் அடுக்கு போடுவார்கள், அப்போது சாலை இன்னும் உயரும். இன்று வாசலைவிடத் தாழ்வாக இருக்கும் சாலை நாளை சமமாகிவிட்டால் மழைத் தண்ணீர் உங்கள் போர்ட்டிகோவுக்கு வரும். சாலையின் இறுதி மட்டம் என்ன, மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது, பின்வரிசை முடியும் வரை வடிகால் வேலை பாதியில் நிற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த 3 வாரத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் தயவுசெய்து குடையோடு கிளம்பிப் போய்விடுங்கள். குடியிருப்பின் தாழ்ந்த மூலையில் அரை மணி நேரம் நின்றாலே போதும், எந்த வரைபடமும் காட்டாததை அது காட்டிவிடும்.

சரி, நீங்கள் கேட்ட விரிசல். கான்கிரீட்டும் பூச்சும் காயும்போது சுருங்கும், அதனால் சுவரில் சிலந்திவலை போல முடி கனத்தில் வரும் கோடுகள் உண்மையிலேயே சகஜம்தான். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஓடும் விரிசலும் அடிக்கடி வரும், இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால். அந்த இணைப்பின் மேல் கம்பிவலை வைத்துப் பூசாமல் விட்டிருப்பார்கள், மேலே பட்டி பார்த்து மறைத்தால் திரும்ப வரும், வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு வகை: ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல ஏறுவது, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருப்பது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது. உங்கள் ஏடிஎம் அட்டையின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அதன் ஓரம் விரிசலுக்குள் நுழைந்தால், அல்லது நான் சொன்ன வடிவங்களில் ஒன்று தெரிந்தால், கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். எப்படியிருந்தாலும் இன்றே விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அதற்குள் யாராவது அதன் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், அந்த அவசரம் ஏன் என்று கேளுங்கள்.

மின்சாரம் சீக்கிரம் முடிந்துவிடும். மெயின் பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்து (ஆள் பாதுகாப்புக்கு 30 மில்லியாம்ப் அளவு), அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பெரிய சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். சுவருக்குள் வயரும் குழாயும் எந்த வழியில் போகின்றன என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். தரை டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள், உள்ளே காலியாக இருந்தால் 'டொக்' சத்தம் மாறும், மாறிய டைல்ஸில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

இப்படிக் கிடைக்கும் குறைகளை அறைவாரியாக, படத்தோடு, தேதியோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு பட்டியலாக்குங்கள். "எல்லாம் திருப்தியாக இருந்தது" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள், அந்தப் பட்டியலை இணைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவணையில் ஒரு பகுதியை வேலை முடியும் வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள், இடம் இல்லை என்றால் முடிக்கும் தேதியையாவது எழுத்தில் வாங்குங்கள். ஒப்படைத்த பிறகு வரும் குறைகளுக்கு எத்தனை வருடம் அவர்கள் பொறுப்பு, அது சாவி நாளிலிருந்தா பத்திர நாளிலிருந்தா, பராமரிப்புக் கட்டணம் எப்போது தொடங்குகிறது, விற்காத வீடுகளுக்கு அதை யார் கட்டுவார்கள் என்பதும் அந்தத் தாள்களில் இருக்க வேண்டும்.

குடிபோன பிறகு முதல் வருடம் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். கான்கிரீட்டில் கலந்த தண்ணீரில் மிச்சம் வெளியேற ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு, ஆக உங்கள் வீட்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள், விலையுயர்ந்த பெயின்ட், வால்பேப்பர் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம். தட்டத் தட்ட அதே இடத்தில் வந்துகொண்டே இருந்தால் பின்னால் தண்ணீர் வருகிறது என்று பொருள்.

கடைசியாக, பாத்ரூமில் ஒழுக்கு தெரிந்து அவர்கள் சரிசெய்துவிட்டதாகச் சொன்னால், புது டைல்ஸைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். வடிகாலை மறுபடி அடைத்து, மறுபடி தண்ணீர் கட்டி, இன்னொரு 24 மணி நேரம் காத்திருந்து கூரையைத் தொட்டுப் பாருங்கள்.